மூஞ்சி மட்டும்

திருத்தணி
28-5-2024

மரியாதைக்குரிய பாவாவுக்கு, மச்சான் அரசு கும்புட்டு எழுதிக்கிறது.

இங்க நானும் அம்மாவும் சொகமா இருக்கறோம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்பப்ப வந்துட்டுப் போவுது. அங்க நீங்க, அக்கா, பாப்பா தணிகா எல்லாம் எப்படி இருக்கீங்க? பாப்பாவுக்கு சளி போச்சா?

லெட்டரப் பாத்து சிரிப்பீங்கன்னு தெரியும். தாலுகா ஆபீசுக்கு வர்ற ஜனத்துக்கெல்லாம் நம்ம ஜெராக்ஸ் கடையில மனு எழுதித் தர்றேன், ஆனா சொந்தமா ஒரு லெட்டர் எழுதி எத்தினி வருஷம் ஆச்சோ தெரியல. வேற இன்னா பண்றது? வாட்ஸாப்ல என்னை பிளாக் பண்ணிட்டீங்க. போன் போட்டா கட் பண்றீங்க. அக்காவுக்கு அடிச்சா "அவரு வேலையா இருக்காருடா"ன்னு சொல்லிட்டு வெச்சிடறா. நம்ம தணிகை சிகப்பு ஃபுட்பால் குரூப்ல இருந்தும் கெளம்பிட்டீங்க. "உங்க பாவாவுக்கு இன்னாடா ஆச்சு"ன்னு ஜாஹித் கேக்கறான். அட்மின் ஆச்சே, அவனுக்கு ஒரு ஆள் கொறஞ்சா ஒரு பல்லு போன மாதிரி.

அந்த ஸ்டிக்கருக்கா பாவா கோவம்? நீங்களும் அந்த மேட்ச்ச பாத்தீங்க. சீசன் பூரா ஜெயிச்சிட்டு, கடைசி மேட்ச்ல, கடைசி நிமிசத்துல, அந்த நீலச்சட்டைக்காரனுங்களுக்கு பெனால்டி குடுத்துட்டு நிக்கறானுங்க. அதுவும் நம்ம போன்ல ஆள் இன்னும் பந்தை வெச்சிகினே இருக்கறான், அதுக்குள்ள வீரபத்திரன் சார் "போச்சு"ன்னு குரூப்ல போட்டுட்டாரு. ரயில்வேல ரிடையர் ஆனவருக்கு எதுக்கு அவ்ளோ வேகமான நெட்டு? எத்தினி தடவ சொல்லிட்டோம், மொதல்ல போடாதீங்க சார்னு. போட்டுட்டு அடுத்தாப்ல "நான் அப்பவே சொன்னேன்"னு வேற. அந்த வயித்தெரிச்சல்ல ஒரு அழுவற ஸ்டிக்கர் வேணும்னு குரூப்பே கேட்டுது. போனத் தடவுனேன், உங்க போட்டோ கெடச்சிது. தெனமும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டற கை, பேக்ரவுண்ட எல்லாம் எடுத்துட்டு மூஞ்சி மட்டும் வெட்டி அனுப்பிட்டேன். வாய் கோணிகினு, மூக்கு செவந்து, கண்ல தண்ணி. தோத்த சோகம் போயி குரூப்பே சிரிச்சிது.

எந்தப் போட்டோன்னு எவனுக்கும் தெரியாது. மலையில பாப்பாவுக்கு மொட்டை அடிச்ச அன்னிக்கி அக்கா என் போன்ல எடுத்தாளே, அதுதான். சந்தோசத்துல அழுததா, துக்கத்துல அழுததான்னு ஸ்டிக்கர்ல யாருக்குத் தெரியப் போவுது? நம்ம குரூப்ல ஸ்டிக்கர் இல்லாத ஆள் யாரு? நான் வாழப்பழம் முழுங்கறது இருக்கு. ஜாஹித் பைக்கு அடியில படுத்துகினு கொட்டாவி விடறது இருக்கு.

பிளாக்க எடுங்க பாவா. நீங்க இல்லாம மேட்ச்ச பத்திப் பேசறது சப்புன்னு இருக்குது. பாப்பாவுக்கு மாமா முத்தம் குடுத்ததா சொல்லுங்க.

இப்படிக்கு உங்க மச்சான்,
அரசு

---

திருத்தணி
14-6-2024

பாவாவுக்கு வணக்கம்.

எல்லாரும் நலந்தானே? போன லெட்டர் வந்து சேந்துதா இல்லியான்னு தெரியல. நம்ம தபால்காரர் கிருஷ்ணன் அண்ணன் "ஓசூர் மூணு நாள்ல போயிடும்பா"ன்னு சொன்னாரு.

ஒரு சேதி. நீங்க பெரிய ஆள் ஆயிட்டீங்க. உங்க ஸ்டிக்கர் அரக்கோணம் நீலச்சட்டை குரூப்புக்குப் போயி, அங்க இருந்து எங்கெங்கியோ போயி, தமிழ்ல பெரிசா ஒரு ஃபுட்பால் பேஜ் இருக்குதே, அதுல வந்துட்டுது. மதுரைக்காரன், கோயமுத்தூர்க்காரன் எல்லாம் போடறான். டீம் தோத்தா உங்க மூஞ்சிதான். இது எங்க ஊர் சரக்குன்னு ஜாஹித் பெருமையா கமெண்ட் போட்டிருக்கான். நானும் ஒரு லைக் போட்டேன்.

பள்ளிப்பட்டு பஸ்ல ஜெயம்மா அத்தைய பாத்தேன். கால் ரெண்டும் வீங்கிகினு இருந்துது. கேட்டா, "ஒண்ணும் இல்லப்பா, உப்பு ஜாஸ்தி"ன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியணுமேன்னு எழுதறேன்.

ஒரு வரியாவது பதில் போடுங்க.

அரசு

---

ஓசூர்
2-7-2024

அன்புள்ள அரசுக்கு, கங்காதரன் எழுதுவது.

நலம். உன் நலமும் உன் அம்மாவின் நலமும் அறிய ஆவல். உன்னுடைய இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

என் அம்மாவின் கால் வீக்கம் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு இப்போது லீவு கிடைப்பது கஷ்டம். உனக்கு முடிந்தால் அவர்களைத் திருத்தணி ஆஸ்பத்திரியில் காட்டவும். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதனை செய்யச் சொல்லவும். அவர்கள் வர மறுப்பார்கள். நான் சொன்னதாகச் சொல்.

நான் பட்டன் போனுக்கு மாறிவிட்டேன். பெரிய போன் சௌமியாவிடம் இருக்கிறது. ஏதாவது அவசரம் என்றால் அவளிடம் சொல். மற்றபடி கடிதமே எழுது. எழுத்தில் சிரிப்புச் சத்தம் கேட்பதில்லை.

பாப்பா நலம். சளி இல்லை.

கங்காதரன்

---

திருத்தணி
9-7-2024

அன்புள்ள பாவாவுக்கு, நலம். உங்க லெட்டரப் பாத்ததும் ஒரே சந்தோசம், அப்பறம் படிச்சேன்.

அத்தைய கூட்டிகினு போயி காட்டினேன். நீங்க சொன்ன மாதிரியே வரமாட்டேன்னு ஒரே அடம். "என் புள்ள சொன்னானா? அவன் வாயால சொன்னானா?"ன்னு கேட்டுட்டு, அப்பறம் நல்ல பொடவை கட்டிகினு வந்துட்டாங்க. கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. மாத்திரை குடுத்திருக்காங்க. உப்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் கூடாது. ஊறுகாய் கூடாதுன்னா அப்பறம் எதுக்கு உசுருன்னு அத்தை கேக்கறாங்க. வாரா வாரம் நானே போயி பாத்துக்கறேன், நீங்க கவலப்படாதீங்க.

பாவா, எழுத்துல சிரிப்புச் சத்தம் கேக்காதுன்னு போட்டிருக்கீங்க. எனக்குப் புரியல. யார் சிரிச்சாங்க? நம்ம குரூப் பசங்க சிரிச்சது உங்களப் பாத்து இல்ல, டீமைப் பாத்து.

ஆடிக் கிருத்திகைக்கு வருவீங்க இல்ல? போன வருசம் பாப்பாவ தோள் மேல வெச்சிகினு காவடிக் கூட்டத்துல சரவணப் பொய்கை வரைக்கும் வந்தீங்களே. இந்த வருசம் என் தோளுக்கு. பாப்பாவுக்கு மஞ்சள் சட்டை எடுத்து வெச்சிருக்கேன், அளவு சரியா இருக்குமான்னு அக்காவக் கேட்டு எழுதுங்க.

அரசு

---

ஓசூர்
20-7-2024

அரசு, உங்க அக்கா எழுதறேன். அம்மா நல்லா இருக்காங்களா? இங்க ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல.

அவருக்கு நீ எழுதின லெட்டர படிச்சேன். யார் சிரிச்சாங்கன்னு கேட்டிருக்கே. அவரு உனக்கு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன், கேட்டுக்கோ.

இவரு கம்பெனில மெஷின் லைன்ல சூபர்வைசர். கீழ இருக்கறவனுங்க எல்லாம் இருவது வயசுப் பசங்க. அவனுங்களும் ஃபுட்பால் பாக்கறவனுங்கதான். "ஞாயித்துக்கெழம ஓவர்டைம் வரணும்"னு இவரு ஷிப்ட் குரூப்ல போட்டா, கீழ பதிலா அந்த ஸ்டிக்கர் வருது. ஒருத்தன் போட்டான், அப்பறம் எல்லாரும் போட்டானுங்க. மொதல்ல அது இவருதானான்னு அவனுங்களுக்கு சந்தேகம். எவனோ இவரு ஐடி கார்டு போட்டோவ பக்கத்துல வெச்சுக் காட்டிட்டான். அப்பறம் லைன்ல இவரு வாயத் தொறந்தா பின்னாடி எவனாவது மூக்கு உறிஞ்சற சத்தம் போடறான். திரும்பிப் பாத்தா எல்லாரும் மெஷினைப் பாத்துகினு இருக்கறான். யாரைன்னு கேப்பாரு? ஒரு மீட்டிங்ல மேனேஜரே "என்ன கங்காதரன், அழுதுட மாட்டீங்களே"ன்னு கேட்டுட்டாரு. மறுநாள் இவரே எழுதிக் குடுத்துட்டு ஸ்டோர்ஸுக்கு மாத்திகினாரு. இப்ப நட்டு போல்ட்டு எண்ணிகினு தனியா உக்காந்திருக்காரு.

அந்தப் போட்டோ நான் எடுத்தது, ஞாபகம் இருக்குதா? தாய்மாமன் மடியில வெச்சுதான் மொட்டை அடிக்கணும்னு உன்னை உக்கார வெச்சோம். உன் மடியில பாப்பா. கத்தி பட்டதும் அது அழும்னு பயந்து, எதிர்ல முட்டி போட்டுகினு அது ரெண்டு கையையும் இவரு புடிச்சிகினு இருந்தாரு. அது அழல. சிரிச்சுது. இவருதான் அழுதாரு. ஏழு வருசம் புள்ள இல்லாம, ஊரு என்னை என்னென்ன பேசிச்சுன்னு உனக்குத் தெரியும். நான் அழாத நாள் இல்ல. ஒரு நாள்கூட இவரு கண்ணுல தண்ணி பாத்ததில்ல. அன்னிக்கிதான் பாத்தேன். அதனாலதான் எடுத்து வெச்சேன்.

நீ அதுல பாப்பாவ வெட்டிட்டே. உன்னையே நீ வெட்டிட்டே. மூஞ்சி மட்டும் எடுத்துகினே.

கிருத்திகைக்கு நாங்க வரல. சட்டைய யாருக்காவது குடுத்துடு.

சௌமியா

---

திருத்தணி
2-8-2024

பாவாவுக்கு அரசு எழுதறது. எல்லாரும் சொகமான்னு கேக்கக்கூட கூச்சமா இருக்குது.

அக்கா லெட்டர் வந்துது. கடையிலயே பிரிச்சிட்டேன். சாதி சான்றிதழுக்கு போட்டோ எடுக்க ஒரு அம்மா உக்காந்துகினு இருந்தாங்க. அவங்க மூஞ்சிய வெட்டணும். கை வரல பாவா. கரன்ட் இல்லன்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். ஃபேன் தலைக்கு மேல ஓடிகினு இருந்துது, அந்தம்மா அதைப் பாத்துகினே போனாங்க.

வெக்கமா இருக்குது. அசிங்கமா இருக்குது.

சும்மா உக்கார முடியாம அதை அழிக்கப் பாத்தேன். அந்தக் கதையையும் கேட்டுட்டுத் திட்டுங்க. மொதல்ல ஜாஹித்கிட்ட சொன்னேன். அவன் மூஞ்சி தொங்கிப்போச்சு. "மொட்டை அடிக்கும்போது எடுத்ததாடா? ஏன்டா சொல்லல?"ன்னு கேட்டுட்டு, பைக் வேலைய போட்டுட்டு அப்பவே குரூப்ல எழுதினான், குடும்ப விசயம், தயவு செஞ்சு எல்லாரும் அழிச்சிடுங்கன்னு. நம்ம பசங்க அழிச்சிட்டாங்க. ஆனா எவனோ அந்த மெசேஜையே படம் எடுத்து வெளிய விட்டுட்டான். அடுத்த நாள் பாத்தா உங்க மூஞ்சிக்குக் கீழ "தயவு செஞ்சு அழிச்சிடுங்க"ன்னு எழுத்து போட்டு புதுசா ஒண்ணு சுத்துது. ஒண்ணா இருந்தது ரெண்டாச்சு. நான் கை வெச்சா வெளங்குமா.

அப்பறம் அரக்கோணம் போனேன். நீலச்சட்டை குரூப்புக்கு அட்மின் முக்தார் அகமது பாய். ஸ்டேஷன் பக்கத்துல பேட்டரி கடை. எத்தினி வருசமா அந்தாள வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியிருக்கேன், நேர்ல பாத்ததே இல்ல. போயி, "நான்தான் தணிகை அரசு"ன்னு சொன்னேன். டீ வாங்கிக் குடுத்தாரு. விசயத்த சொன்னதும் அவரு பசங்கள வரிசையா நிக்க வெச்சி, அவர் கண்ணு முன்னாடியே அழிக்க வெச்சாரு. கெளம்பும்போது, "தம்பி, என் பசங்க போன்ல நான் அழிக்கலாம். ஊர் போன்ல யார் அழிக்கிறது?"ன்னு கேட்டாரு. ரயில்ல உக்காந்துகினு வரும்போது எதிர்ல ஒரு பையன் போனப் பாத்து சிரிச்சான். எதப் பாத்து சிரிச்சானோ. நான் எழுந்து வேற பொட்டிக்கு மாறிகினேன்.

கிருத்திகை அன்னிக்கி மலைக்குப் போவல. அத்தைக்கு மாத்திரை வாங்கிகினு பள்ளிப்பட்டு போயிட்டேன். வீக்கம் கொறஞ்சிருக்குது. நீங்க ஏன் வரலன்னு கேட்டாங்க. லீவு இல்லன்னு சொன்னேன்.

பதில் போடணும்னு இல்ல பாவா.

அரசு

---

ஓசூர்
30-8-2024

அரசுக்கு, கங்காதரன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம்.

போதும், விடு. இனி யார் கடைக்கும் போய் நிற்காதே. முக்தார் பாய் நல்ல மனிதர் என்று நினைக்கிறேன். அவரைப் பற்றி நானும்தான் குரூப்பில் கன்னாபின்னா என்று எழுதியிருக்கிறேன். பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வாரா வாரம் அம்மாவைப் பார்க்கப் போகிறாய் என்று சௌமியா சொன்னாள். மகன் செய்ய வேண்டியதை நீ செய்கிறாய். அம்மா போனில் என்னிடம் பேசினால் பாதி நேரம் உன் புராணம்தான். ஊறுகாய்க்குப் பதிலாக எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடச் சொன்னாயாமே.

புது சீசன் தொடங்கிவிட்டது. நான் மேட்ச் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே டீக்கடையில் ஒரு ஆள் இருக்கிறான், நம்ம டீம்தான். மறுநாள் காலையில் டீ ஆத்திக்கொண்டே முழு மேட்சையும் சொல்வான். தெலுங்கும் தமிழும் கலந்து சொல்வான். பந்து எங்கே போச்சு, ரெஃப்ரி எப்படி மோசம் பண்ணான், எல்லாம் கையாலேயே காட்டுவான், டீ கொட்டும். பாத்ததைவிட கேக்கறது நல்லா இருக்குது அரசு. போன வாரம் மூணு கோல் போட்டானுங்களாமே. அந்த மூணாவது கோல் எப்படின்னு அவனுக்கு சரியா சொல்ல வரல. நீ எழுது.

கங்காதரன்

---

திருத்தணி
8-9-2024

பாவா, நலம், நலமறிய ஆவல்.

மூணாவது கோலைத்தான மொதல்ல எழுதணும். கார்னர்ல இருந்து பந்து வருது. நம்ம ஒல்லிப்பையன் இருக்கான் இல்ல, நீங்ககூட முருங்கக்காய்னு பேர் வெச்சீங்களே, அவன் ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி மறைஞ்சிகினு நின்னான். கோல்கீப்பருக்கு அவன் இருக்கறதே தெரியல. பந்து வந்ததும் தலைய லேசா ஒரு ஆட்டு. கடைக்காரர் "இன்னாம்மா"ன்னு கேட்டா நம்ம அம்மா "ஒண்ணும் வேணாம்"னு தலையாட்டுமே, அவ்ளோதான். உள்ள போயிட்டுது. வீரபத்திரன் சாருக்கு அன்னிக்கி நெட் கட். எங்களுக்கு அப்பறம்தான் அவருக்கு கோல் வந்துது. "இது எனக்கு முன்னாடியே தெரியும்"னு போட்டாரு. குரூப்பே கையெடுத்துக் கும்புட்டுது.

அத்தை திரும்பவும் கொஞ்சம் மூச்சு வாங்கறாங்க. டாக்டரம்மா திருவள்ளூருக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நானும் ஜாஹித்தும் கார்ல கூட்டிகினு போறோம். பயப்படற மாதிரி இல்லன்னாங்க. ஆனா நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போனா நல்லது பாவா. உங்களத்தான் கேக்கறாங்க.

எனக்காக வேணாம். அவங்களுக்காக வாங்க.

அரசு

---

திருத்தணி
16-11-2024

பாவாவுக்கு,

பள்ளிப்பட்டுல நேத்து போயி வெளக்கேத்தி வெச்சிட்டு வந்தேன். அக்காவும் பாப்பாவும் அங்க நல்லா இருக்காங்க. "ஆயா எங்க"ன்னு பாப்பா கேக்குது, மலைக்குப் போயிருக்காங்கன்னு அக்கா சொல்லிகினு இருக்கா. நீங்க தனியா இன்னா சாப்பிடறீங்க? காரியம் முடியறதுக்குள்ள ஷிப்டுக்குப் போணும்னு கம்பெனில சொல்லிட்டாங்கன்னு அக்கா சொன்னா.

எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிகினே இருந்தேன். வேற யார் வாயிலயாவது கேக்கறதுக்கு நான் சொல்றதே மேல். அத்தை போன அன்னிக்கி நீங்க அழலன்னு ஊர்ல ஒரே பேச்சு. குப்பம்மா பெரியம்மாதான் ஆரம்பிச்சாங்க. "பெத்தவள தூக்கறாங்கோ, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, கல்லு மாதிரி நிக்கறான்"னாங்க. ஞானம்மா சின்னம்மா, "கொள்ளி வெச்ச கை ஆறல, வேலைக்கு ஓடிட்டான்"னு சொன்னாங்க. எனக்கு வாய் பொறுக்கல. அவருக்கு உள்ள எவ்ளோ இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். கேட்டுட்டேனே தவிர, எனக்கும் மனசு கேக்கல. கடைசியா ரெண்டு மாசமா லீவு போட்டு லீவு போட்டு வந்து அவங்க கால அமுக்கி விட்டீங்க. அவங்களுக்கு சோறு ஊட்டி விட்டீங்க. அன்னிக்கி உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருந்துது. ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா பாவா? பிரஷர் பாத்துக்கோங்க.

குரூப் பசங்க எல்லாரும் வந்து வேலை செஞ்சாங்க. ஐஸ் பொட்டி, பந்தல், சேர் எல்லாம் அவங்கதான். முக்தார் பாய்கூட மாலையோட வந்துட்டுப் போனாரு. உங்க கையப் புடிச்சாரே, ஞாபகம் இருக்குதா?

அரசு

---

ஓசூர்
19-11-2024

அரசு,

உன் லெட்டர் வந்துச்சு. நான் நல்லா இருக்கறேன். டீக்கடைல இட்லி துன்றேன். பிரஷர் எல்லாம் இல்ல.

பெரியம்மா சொல்றது தப்பு இல்ல. பாத்தத சொல்றாங்க. நீ கேட்டதால சொல்றேன், உன்னைக் குத்தணும்னு எழுதல. யார்கிட்டயாவது சொல்லணும். சௌமியாகிட்ட சொன்னா அவ அழுவா.

அம்மாவ தூக்கும்போது அழுகை வந்துது அரசு. வயித்துல இருந்து கெளம்பி தொண்டை வரைக்கும் வந்துட்டுது. நிமிந்தேன். எதிர்ல உங்க குரூப் பசங்க வரிசையா நின்னாங்க. நல்ல பசங்க. வெயில்ல சட்டை நனைய வேலை செஞ்ச பசங்க. ஒருத்தன் கையில போன் இருந்துது. டைம் பாத்தானோ, யாருக்காவது வழி சொன்னானோ தெரியல. என்னைப் பாத்துகூட நிக்கல. ஆனா எனக்கு என் மூஞ்சி தெரிஞ்சிது. வாய் எந்தப் பக்கம் கோணும், மூக்கு எப்படி செவக்கும், எல்லாம் தெரிஞ்சிது. வேற எந்த மனுசனுக்கும் அழும்போது அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது. எனக்குத் தெரியும். பல்லக் கடிச்சிகினேன். உள்ள போயிட்டுது.

போனது திரும்ப வரல. இங்க வந்து, வீட்டுல யாரும் இல்ல, கதவ சாத்திகினு அம்மாவ நெனச்சிப் பாத்தேன். அவங்க ஊறுகாய் பாட்டில ஒளிச்சி வெச்சிருந்தத நெனச்சேன். லேசா வந்துது. பாத்ரூம் கண்ணாடி எதிர்லதான் இருந்துது. பாத்துட்டேன். அதே மூஞ்சி. சிரிப்பு வந்துட்டுதுடா. பெத்தவ செத்து ஒம்பது நாள்தான் ஆச்சு, தனியா நின்னுகினு சிரிச்சிகினு இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு 24ஆம் தேதியே வந்துடறேன். சாமான் லிஸ்ட்டு சௌமியாகிட்ட இருக்குது. நீ அலையாதே, ஒடம்பப் பாத்துக்கோ.

பாவா

---

திருத்தணி
21-11-2024

பாவா,

ஸ்பீட் போஸ்ட்ல போடறேன், நீங்க கெளம்பறதுக்குள்ள வந்துடும்னு கிருஷ்ணன் அண்ணன் சொல்றாரு. அம்மா சொகம். அக்கா, பாப்பா சொகம்.

உங்க லெட்டர படிச்சிட்டு இன்னா எழுதறதுன்னு தெரியாம ரெண்டு பேப்பர கிழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்கன்னு எழுதி எழுதி அந்த வார்த்தையில ஒண்ணும் இல்லாமப் போயிட்டுது.

காரியத்தன்னிக்கி நான் பந்தல் வாசல்ல நிக்கறேன். வர்றவங்க யாரா இருந்தாலும் போன என்கிட்ட குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். துணிப்பை தச்சி வாங்கியிருக்கேன், பேர் எழுதி ஒட்டறதுக்கு கடையில ஸ்லிப் வெட்டி வெச்சிருக்கேன். ஏன்னு கேக்கறவங்களுக்கு இது எங்க வீட்டு வழக்கம்னு சொல்லிக்கறேன். பெரியம்மாவுக்கு போனே கெடயாது, அவங்க நேரா உள்ள போயிடுவாங்க. கோவிச்சிகினு திரும்பிப் போறவங்க போவட்டும். ஜாஹித்கிட்ட சொன்னேன், மொதல்ல அவன் போன எடுத்து மேஜை மேல வெச்சான். பந்தல்ல ஒருத்தர் கையிலயும் போன் இருக்காது பாவா. நீங்க அழுங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும் அழுங்க.

நான் உள்ள வரமாட்டேன். வாசல்லயே பைகளப் பாத்துகினு இருக்கறேன். உங்க தலையில உருமாத் துணி கட்டறதுக்கு மட்டும் மச்சான் நான்தான் உங்க எதிர்ல வந்து நிக்கணும், அதை வேற யாரும் செய்யக்கூடாதாம், ஐயர்கிட்ட கேட்டுட்டேன். தலையக் குனிஞ்சிகினே கட்டிடறேன். கட்டு கோணலா வந்தா கோவிச்சிக்காதீங்க. உங்க மூஞ்சிய நான் பாக்கமாட்டேன்.

அரசு